வாடாமல்லி எந்தக் குடும்பம்? தோவாளைத் திண்ணையிலிருந்து ஒரு சந்தேகம்

தோவாளை_பிச்சி | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் பூ கட்டுறவ. மாமியார் காலத்துல இருந்து எங்க திண்ணையில கூடை இறங்காத நாள் கிடையாது. மவ இந்த வருசம் பி.எஸ்சி. பாட்டனி சேர்ந்திருக்கா. இருபது பூ கொண்டுவந்து, ஒட்டி, குடும்பம் எழுதணும்னு சொல்லியிருக்காவ. நம்ம வீட்டுல பூவுக்கா பஞ்சம்னு நானே கூடையில இருந்து பொறுக்கிக் கொடுத்தேன்.

கிரேந்தி (செண்டுமல்லி), சிவந்தி (சாமந்தி), வாடாமல்லி மூணையும் ஒரே பக்கத்துல ஒட்டி சூரியகாந்திக் குடும்பம்னு எழுதியிருக்கா. மூணும் உருண்டை. மூணும் பொடிப்பொடிப் பூ சேர்ந்த ஒரே பூ. வாடாமல்லிக்கு மட்டும் சிவப்பு மையில கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாவ. ஏன்னு சொல்லலை, இவளும் பயந்துக்கிட்டுக் கேக்கலை.

முப்பது வருசமா எங்கையில புரளுற பூ அது. எந்தக் குடும்பம்னு யாராவது விளக்கமா சொல்லுங்க. அப்படியே, குடும்பம் கண்டுபிடிக்க எதை முதல்ல பாக்கணும்னும் சொல்லுங்க. புத்தகத்துல எடுத்த எடுப்புலேயே சூற்பை, சூல் ஒட்டுமுறைன்னு வருது, எனக்குத் தலை சுத்துது.

ஆரல்வாய்_காற்று | ஞாயிறு, இரவு 9.52

அக்கா, இதுக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்? போன்ல ஆப் இருக்கு. போட்டோ எடுத்தா பேரு, குடும்பம் எல்லாம் வந்துடும்.

தோவாளை_பிச்சி | ஞாயிறு, இரவு 10.15

எடுத்துப் பாத்தாச்சு தம்பி. மூணு தடவை எடுத்தோம், மூணு பேரு வந்துச்சு. ஒண்ணு தீவனப்புல் மாதிரி ஏதோ.

லென்ஸ்_வாத்தியார் | திங்கள், காலை 5.30

அம்மா, உங்கள் மகள் செய்தது நல்ல தவறு. நான் நாகர்கோவிலில் பாடம் நடத்திய காலத்தில் வருடத்துக்குப் பத்துப் பேராவது இதே தவறைச் செய்வார்கள். ஏனென்று சொல்லாமல் கோடு மட்டும் போட்டதுதான் எனக்கு வருத்தம்.

கையில் ஒரு கிரேந்தியையும் ஒரு வாடாமல்லியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புது பிளேடு, ஒரு ஊசி. லென்ஸ் இருந்தால் நல்லது, பத்து மடங்கு பெரிதாக்குவது போதும்.

முதலில் கிரேந்தி. ஓர் 'இதழை' மெதுவாக அடிவரை இழுங்கள். அடியில் கறுப்பாக, ஊசிபோல ஒரு குச்சி வரும். அதுதான் அந்தப் பூவின் சூற்பை, பிற்பாடு விதைத்து முளைக்கவைப்பதும் அதையே. இதழ், மகரந்தத் தாள் எல்லாம் அந்தக் குச்சியின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கும். இதைக் கீழ்மட்டச் சூற்பை என்போம். அந்த 'இதழ்' தனியாக ஒரு முழுப் பூ. இப்படி நூற்றுக்கணக்கான பூக்களைப் பச்சைக் கிண்ணம் ஒன்று அடியில் தாங்கிக்கொண்டிருக்கும். இது ஆஸ்டரேசி, அதாவது சூரியகாந்திக் குடும்பம்.

இப்போது வாடாமல்லி. கத்தரிப்பூ நிறத்தில் காகிதம்போல் சரசரக்கிறதே, அது இதழே அல்ல. செதில். ஒவ்வொரு குட்டிப் பூவையும் இரண்டு செதில்கள் படகுபோல அணைத்திருக்கும். அவற்றை ஊசியால் விலக்கினால் உள்ளே பஞ்சு சுற்றிய ஒரு சிறு பூ கிடைக்கும். அதில் வெளிச்சுற்றுப் புல்லி வேறு, உட்சுற்று அல்லி வேறு என்று கிடையாது, ஒரே சுற்றில் ஐந்து. இன்னும் உள்ளே போனால் ஐந்து மகரந்தத் தாள்கள் ஒரு குழலாக ஒட்டியிருக்கும். சூற்பை எல்லாவற்றுக்கும் நடுவில், மேல்மட்டத்தில் தனியாக நிற்கும். இது அமராந்தேசி. கீரைக் குடும்பம் அம்மா. தண்டங்கீரையும் கோழிக்கொண்டையும் இதற்குச் சொந்தம்.

ஆஸ்டரேசியிலும் மகரந்தத் தாள்கள் குழலாகத்தானே இருக்கும் என்று மகள் கேட்பாள். அங்கே ஒட்டியிருப்பது மேலே உள்ள மகரந்தப்பைகள், கீழே காம்புகள் தனித்தனி. வாடாமல்லியில் ஒட்டியிருப்பது காம்புகள். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ்.

தோவாளை_பிச்சி | திங்கள், காலை 11.05

சாரே, இப்பதான் காலைக் கட்டு முடிஞ்சுது. கிரேந்தியில கறுப்புக் குச்சி வந்துச்சு. தினமும் திண்ணையில கூட்டித் தள்ளுற குப்பை அது, சூற்பைன்னு இன்னைக்குத்தான் தெரியும். வாடாமல்லியை உரிக்க அரை மணிக்கூர் ஆச்சு. பஞ்சு இருக்கு. குழலைப் பார்த்தேன், அஞ்சுன்னு எண்ண முடியலை, மவ வந்து எண்ணுவா.

வாடாமல்லி ஏன் வாடலைன்னும் இப்பத்தான் புரியுது. வாடுறதுக்கு இதழ்னு ஒண்ணு இருந்தாத்தானே.

நாஞ்சில்_இலை | திங்கள், மதியம் 1.20

அக்கா சொன்ன கடைசி வரி அப்படியே பாடம். காய்ந்த செதில்தான் நிறத்தோடு நிற்கிறது. கோழிக்கொண்டையிலும் அதே கதை.

நான் ஆராய்ச்சி மாணவி, வேலை முழுக்கக் காட்டில். எதை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு என் பதில் வேறு. பூவை முதலில் பார்க்காதீர்கள். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போனால் வருஷத்தில் பத்து மாதம் மரத்தில் பூ இருக்காது. இலையும் பட்டையும்தான் கையில் கிடைக்கும். நான் பார்க்கிற வரிசை இது: இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா? கிள்ளினால் பால் வருகிறதா? கசக்கினால் வாசமா? வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி தெரிகிறதா? இலைக்காம்படியில் செதில் இருக்கிறதா?

செதில் என்றதும் தெச்சி. இட்லிப்பூ என்று மற்ற ஊர்களில் சொல்வார்களே, அதுதான். பூ இல்லாத தெச்சிக் கொப்பை எடுத்து, எதிரெதிரே நிற்கும் இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டைப் பாருங்கள். கூர் நுனியோடு சின்ன முக்கோணம் ஒன்று இரண்டு காம்புகளையும் பாலம்போல இணைக்கும். எதிரிலை, தனியிலை, நடுவில் அந்த முக்கோணம்: மூன்றும் சேர்ந்தால் ரூபியேசி என்று தைரியமாகச் சொல்லலாம். காபிக்கும் அதுவே, மஞ்சணத்திக்கும் அதுவே. மல்லிக்கும் எதிரிலைதான், குழல் பூதான். ஆனால் அந்த முக்கோணம் இருக்காது.

பால்வெட்டு | திங்கள், மாலை 6.45

குலசேகரத்துல இருந்து. பால் பேச்சு வந்ததால நானும் வாறேன். இருபது வருசமா ரப்பர் பால் வெட்டுதேன். நான் கேட்ட வரைக்கும் பால் வந்தா கள்ளிக் குடும்பம்னுதான் எனக்க சின்ன வயசு வாத்தியார் சொன்னாரு. அப்போ சக்கைமரத்துல, அதான் பலாவுல, வாறது என்ன? எருக்குல வாறது என்ன? எல்லாம் ஒண்ணா?

லென்ஸ்_வாத்தியார் | திங்கள், இரவு 8.10

இல்லை தம்பி. பாலை மட்டும் நம்பினால் குடும்பம் தப்பிவிடும்.

உங்கள் ரப்பர் யூஃபோர்பியேசி, அதாவது கள்ளிக் குடும்பம். மூன்று சிற்றிலை, மாற்றிலை. பூவில் இதழே கிடையாது, ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காய் மூன்று அறை. மரச்சீனி (மரவள்ளி) காயையும் ஆமணக்குக் காயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே மூன்று. ஆமணக்கில் வெள்ளைப் பால் வராது என்பதையும் கவனியுங்கள். குடும்பத்துக்குள்ளேயே விலக்கு.

சக்கை மொரேசி. அதன் நுனிமொட்டை ஒரு செதில் தொப்பிபோல் மூடியிருக்கும். தொப்பி விழுந்ததும் தண்டைச் சுற்றி மோதிரம்போல் தழும்பு நிற்கும். ஆல், அரசு, அயனி எல்லாவற்றிலும் மோதிரம் உண்டு.

எருக்கு அப்போசைனேசி. எதிரிலை, பால், பூவுக்குப் பிறகு இரட்டைக் காய்.

பால்வெட்டு | திங்கள், இரவு 8.25

மூணு அறை சரிதான் சாரே. வேனல்ல தோட்டத்துல ரப்பர்க்காய் பட்டுபட்டுன்னு வெடிக்கும். சின்னதுல அந்த அண்டியை, அதான் விதையை, தரையில உரசி, சூடாக்கி, பக்கத்துல இருக்கியவனுக்க தொடையில வைப்போம். மோதிரத் தழும்பை நாளைக்கு அயனியில பாக்கேன்.

தோவாளை_பிச்சி | திங்கள், இரவு 9.30

அரளியும் எருக்கு சாதியா? நாங்க மாணிக்க மாலை கட்டுறது அரளியிலயும் நொச்சி இலையிலயும்தான். 2025-ல புவிசார் குறியீடு கிடைச்ச மாலை அது. ஆனா அரளியை ஒடிச்சா எருக்கு மாதிரி வெள்ளையாக் கொட்டாதே.

நாஞ்சில்_இலை | திங்கள், இரவு 9.48

அரளியும் அப்போசைனேசிதான் அக்கா. அதன் சாறு தெளிவாக, பிசுபிசுவென்று இருக்கும். இலை மூன்று மூன்றாக ஒரே கணுவில் சுற்றி நிற்கும். ஆனால் உங்களுக்கு ஏற்ற அடையாளம் மொட்டு. மாலைக்கு விரியாத மொட்டு வரும்போது நுனியை உற்றுப் பாருங்கள். குடையை மடக்கி முறுக்கின மாதிரி இருக்கும். ஒவ்வொரு இதழும் ஒரு பக்கம் அடுத்த இதழை மூடி, மறு பக்கம் முந்தைய இதழுக்கு அடியில் போகும். நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அலமண்டா எதை எடுத்தாலும் இந்த முறுக்கு உண்டு.

மஞ்சள் அரளியில் இலை மாற்றிலை. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், குடும்பம் அதே.

பால்வெட்டு | செவ்வாய், காலை 10.20

மோதிரம் இருக்கு! அயனியில கையால தடவினாலே தெரியுது.

ஒரு காரியம் எல்லாரும் பாத்துகிடுங்க. எருக்கம்பால் கண்ணுல தெறிச்சுதுன்னா வெளையாட்டு இல்ல. எனக்க கூட்டுக்காரனுக்குத் தெறிச்சு, கண்ணு புகைமூட்டமாயி, ஆசுபத்திரிக்கு ஓடினோம். பட்ட உடனே தண்ணி விட்டு நல்லா கழுவணும், அப்புறம் டாக்டர். பிள்ளைய பூவை அறுக்கும்போ மொகத்துப் பக்கம் கொண்டு போகப்பிடாது.

லென்ஸ்_வாத்தியார் | செவ்வாய், காலை 10.55

அரளிக்கும் அதே எச்சரிக்கை. வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். முழுச் செடியும் நஞ்சு, இதயத்தைப் பிடிக்கும்.

ஆரல்வாய்_காற்று | செவ்வாய், மதியம் 12.30

நானும் ஒரு குறுக்குவழி சொல்றேன். தண்டு சதுரமா இருந்தா துளசிக் குடும்பம். பள்ளிக்கூடத்துல படிச்சது. கரெக்டா?

நாஞ்சில்_இலை | செவ்வாய், மதியம் 12.41

பாதி. உன்னிச்செடிக்கும் சதுரத் தண்டுதான், அது வெர்பினேசி. பவளமல்லிக்கும் நாலு விளிம்பு உண்டு, அது ஓலியேசி, மல்லிக் குடும்பம். துளசிதான் என்று உறுதி செய்ய வாடின பூவின் கிண்ணத்துக்குள் பாருங்கள். விதை நாலு, நாலு மூலையில் உட்கார்ந்திருக்கும். பூவில் மேலுதடு, கீழுதடு தனியாகத் தெரியும்.

லென்ஸ்_வாத்தியார் | செவ்வாய், மாலை 4.15

நொச்சியைப் பற்றி ஒரு புலம்பல். நான் படித்தபோது நொச்சியும் தேக்கும் வெர்பினேசி. இப்போது இரண்டும் துளசியின் லேமியேசியில். எருக்குக்கு அஸ்கிளிபியடேசி என்று தனிக் குடும்பம் இருந்தது, அதை அரளியோடு கலந்துவிட்டார்கள். கீழாநெல்லியை யூஃபோர்பியேசியிலிருந்து பிரித்து ஃபில்லாந்தேசி என்கிறார்கள். பெந்தம், ஹூக்கர் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் 1862 முதல் 1883 வரை உழைத்து 202 குடும்பங்கள் என்று வரிசைப்படுத்தினார்கள், நம் கல்லூரிகளில் இன்றும் அந்த வரிசைதான் அதிகம். மரபணுவை வைத்து வகுக்கும் ஏபிஜி முறையில், 2016-ல் வந்த நான்காம் பதிப்பில் 416. கிழவன் எத்தனை தடவை மனப்பாடம் செய்வது?

நாஞ்சில்_இலை | செவ்வாய், மாலை 5.02

சார், கீழாநெல்லியைப் பிரித்தது உங்களுக்கு வசதிதானே. அதைக் கிள்ளினால் பால் வராது. கள்ளியோடு அது சேராமல் நின்றது அப்போதே கண்ணுக்குத் தெரிந்ததுதான், மரபணு வந்து ஆமாம் என்றது. எருக்கும் அப்படித்தான், அதன் இரட்டைக் காயும் அரளியின் இரட்டைக் காயும் ஒரே சாயல்.

கண்ணை ஏமாற்றியது தாமரைதான். தேரூர் குளக்கரையில் நின்றால் தாமரையும் ஆம்பலும் அக்காள் தங்கை மாதிரி இருக்கும். ஆனால் ஆம்பல் பூக்கும் தாவரங்களின் அடிமரத்திலேயே பிரிந்துபோன கிளை. தாமரைக்கு நெருங்கின சொந்தம் எது தெரியுமா? மலை எஸ்டேட்டில் நிழலுக்கு வைக்கிற சில்வர் ஓக். இரண்டும் புரோட்டியேல்ஸ் வரிசை.

மணக்குடிக்காயல் | செவ்வாய், மாலை 6.30

சில்வர் ஓக்கா! நம்புறதுக்கு ஒரு நாள் ஆகும். தாமரையையும் ஆம்பலையும் கண்ணால பிரிக்க முடியாதா?

லென்ஸ்_வாத்தியார் | செவ்வாய், இரவு 7.20

முடியும், சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால். ஆம்பல் இலையில் காம்பு சேரும் இடம்வரை ஒரு வெட்டு இருக்கும், தண்ணீர்மேல் படுத்திருக்கும். தாமரை இலை முழு வட்டம், காம்பு நட்டநடுவில் அடியில் குத்தி நிற்கும், இலை தண்ணீருக்கு மேலே எழும். பூவுக்குள் பொகுட்டைப் பாருங்கள். தட்டையான மேல்பரப்பில் குழி குழியாக, குழிக்கு ஒரு விதை. ஆம்பலில் பொகுட்டே கிடையாது, காய் தண்ணீருக்குள் போய்த்தான் முற்றும்.

சில்வர் ஓக் உறவு எனக்கும் தொண்டையில் இறங்க நாளானது. ஒத்துக்கொண்டேன்.

மணக்குடிக்காயல் | செவ்வாய், இரவு 8.05

எங்க காயல்ல கண்டல், அதான் அலையாத்தி மரம், நிக்குது. சேத்துல இருந்து பென்சில் மாதிரி வேர் நிமிர்ந்து நிக்குமே, அந்த அவிசென்னியா. அது இப்ப எந்த வீட்டுல?

நாஞ்சில்_இலை | செவ்வாய், இரவு 8.12

கனகாம்பரத்தின் வீட்டில். அக்கான்தேசி. தோவாளை அக்கா கட்டுகிற கனகாம்பரத்துக்கு உங்கள் கண்டல் சொந்தம்.

தோவாளை_பிச்சி | செவ்வாய், இரவு 9.15

கனகாம்பரம் கதிரு காஞ்சு மழைத்துளி பட்டா பட்டுன்னு வெடிச்சு விதை தெறிக்கும், அது எனக்குத் தெரியும். கண்டலும் வெடிக்குமா?

நாஞ்சில்_இலை | செவ்வாய், இரவு 9.22

இல்லை அக்கா. கனகாம்பரத்தில் விதைக்கு அடியில் கொக்கி ஒன்று இருந்து தெறிக்கவைக்கும், அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் முத்திரை. ஆடாதோடைக்கும் உண்டு. கண்டலில் அது கிடையாது. விதை காய்க்குள்ளேயே முளைவிட்டு, அப்புறம் தண்ணீரில் விழும். உப்புச் சேற்றில் விதையைத் தெறித்து என்ன பயன்?

பால்வெட்டு | புதன், காலை 7.10

ராத்திரி பூரா ஒரு சந்தேகம். எங்க ஊருல எல்லாம் சக்கை. பலாச்சக்கை, அயனிச்சக்கை, சீமைச்சக்கை, ஆத்தச்சக்கை, கைதச்சக்கை. பேரு ஒண்ணுன்னா குடும்பமும் ஒண்ணா?

லென்ஸ்_வாத்தியார் | புதன், காலை 8.40

தம்பி, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

பலா, அயனி, சீமைச்சக்கை மூன்றும் மொரேசி. ஆத்தச்சக்கை, அதாவது சீத்தாப்பழம், அனோனேசி. கைதச்சக்கை என்கிற அன்னாசி ப்ரொமீலியேசி, அது ஒருவித்திலை, இலையே வாள்போல. ஐந்து சக்கைக்கு மூன்று குடும்பம்.

ஆனால் நம் ஆட்கள் சும்மா பேர் வைக்கவில்லை. பலாவில் ஒரு சுளை ஒரு பூ. மஞ்சரி, அதாவது பூங்கொத்து, முழுவதும் சேர்ந்துதான் ஒரு சக்கை. அன்னாசியிலும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ. பல பூ கூடி ஒரே பழமாவதைக் கூட்டுக்கனி என்கிறோம். ஆத்தச்சக்கையில் மட்டும் விஷயம் வேறு. அங்கே பூ ஒன்றுதான், அதற்குள் பல சூலகங்கள், அவை கூடி ஒரு பழம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி முண்டும் முடிச்சும். ஊர்க்காரன் பழத்தைப் பார்த்து வகுத்தான். பாட்டனிக்காரன் பூவைப் பிளந்து வகுத்தான். பாட்டனியை ஐம்பது வருடம் படித்த பிறகும் எனக்குச் சக்கை என்ற பேர்மேல் மரியாதை குறையவில்லை.

ஆரல்வாய்_காற்று | புதன், மதியம் 1.00

சரி, ஆப்பை மூடிட்டேன். லென்ஸ் எங்க கிடைக்கும்?

லென்ஸ்_வாத்தியார் | புதன், மதியம் 2.30

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைப்பது போதும். லென்ஸைப் பூவுக்குக் கொண்டுபோகக் கூடாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பூவை மெல்ல நகர்த்த வேண்டும். அடுக்குப் பூவை எடுக்காதீர்கள். அடுக்குச் செம்பரத்தியில் மகரந்தத் தாள்களே இதழாகியிருக்கும், எண்ணினால் கணக்கு உதைக்கும். ஒற்றைச் செம்பரத்தியை எடுத்தால் நடுக்குழல் முழுதாகத் தெரியும். வெண்டைக்கும் துத்திக்கும் அதே குழல், அவையும் செம்பரத்தியின் மால்வேசிதான்.

நாஞ்சில்_இலை | புதன், மாலை 6.00

அக்காவின் மகளுக்கு ஒரு பரீட்சை. உங்கள் கூடையிலேயே இருக்கிற மரிக்கொழுந்து. பூ பெரிதாகத் தெரியாது, வாசம் தூக்கும். எந்தக் குடும்பம்? இலையை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும்.

தோவாளை_பிச்சி | வியாழன், இரவு 10.40

மவ பக்கத்துல இருக்கா, அவ சொல்லச் சொல்ல நான் அடிக்கேன்.

வாசத்தை வச்சு முதல்ல துளசிக் குடும்பம்னு நினைச்சாளாம். தண்டை உருட்டிப் பார்த்தா சதுரம் இல்லை. இலை எதிரெதிரா இல்லாம மாறி மாறி வருது, சீப்பு மாதிரி கிழிஞ்சிருக்கு. அதனால துளசி இல்லைன்னு தள்ளிட்டா. அப்புறம் கட்டுல தேடி, நுனியில பொட்டு மாதிரி மஞ்சளா இருந்த மொட்டு ரெண்டைப் பிளந்திருக்கா. அடியில பச்சைக் கிண்ணம், உள்ள பொடிப்பூ கூட்டமா. சிவந்தி வீடு. ஆஸ்டரேசி. இலையை மட்டும்னு சொன்னீங்க, அவ மொட்டையும் பாத்துட்டா. மன்னிச்சிருங்க.

நான் பிச்சியைப் பிளந்தேன். இதழ் அஞ்சு, அதனால மகரந்தத் தாளும் அஞ்சு இருக்கும்னு நினைச்சேன். குழலுக்குள்ள ரெண்டே ரெண்டு. தப்பாப் பிளந்துட்டேன்னு நினைச்சு பதினோரு பூ பிளந்தாச்சு, எல்லாத்துலயும் ரெண்டுதான்.

லென்ஸ்_வாத்தியார் | வெள்ளி, காலை 5.15

ஓலியேசியின் முத்திரை அது. இரண்டேதான். முல்லையிலும் பவளமல்லியிலும் அதே இரண்டு.

மகளுக்கு மொட்டைப் பார்த்ததற்காக மார்க் குறைக்க மாட்டேன். வேறு யாரும் குறைக்கவும் கூடாது.

தோவாளை_பிச்சி | வெள்ளி, காலை 5.40

பேப்பர்ல மார்க் மாறலை சாரே. வாடாமல்லிப் பக்கத்தைப் பிரிச்சு கோழிக்கொண்டைகூட ஒட்டி, உள்ளே இருந்த பஞ்சையும் செல்லோடேப்ல ஒட்டிக் கொண்டு போயிருக்கா. ஏன் மாத்தினேன்னு வகுப்புல எழுந்து நின்னு சொன்னாளாம், அது போதும்.

நாளைக்கு முகூர்த்தம். அரளி எட்டுக் கூடை இறங்கியிருக்கு, ஒவ்வொரு மொட்டும் முறுக்கிக்கிட்டு நிக்குது. கட்டி முடிச்சிட்டு வாறேன்.